ஆம்ப்ளிஃபயர் வெளியே போயிருக்கிறது

நான் மைக் செட் வைத்துப் பிழைத்த காலத்தில் என்னைவிட என் ஆம்ப்ளிஃபயர்களுக்குத்தான் ஊரில் பழக்கம் அதிகம். எனக்குப் பத்திரிகை வைக்காத கல்யாணங்களுக்கு அவை போயிருக்கின்றன. நான் துக்கம் கேட்கப் போகாத சாவு வீடுகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கின்றன. ஒருமுறை லாஸ்பேட்டையில் யாரோ ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "ஒங்க பொட்டி நல்லாப் பாடுச்சு சார், ரொம்ப நன்றி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார், எந்தப் பெட்டி, எப்போது பாடியது, எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். இதெல்லாம் ஒரே ஒரு மனிதர் பார்த்த வேலை.

பெயர் வேண்டாம். ரேடியோக்காரர் என்றால் ஊரில் அவர்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கதவைத் திறந்தால் மேசையில் இடிக்கிற அளவுக்கு ஒரு கடை. உள்ளே போனால் ஈயம் உருகும் வாடையும் சுருட்டு வாடையும் கலந்து அடிக்கும். எழுபதுகளின் கடைசி அது. புது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் எங்களைப் போன்றவர்களிடம் இருந்தவை பழைய வால்வு பெட்டிகள்தான். உள்ளே பல்பு மாதிரி கண்ணாடி வால்வுகள் சிவப்பாக எரியும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாடினால் அடிவயிற்றிலிருந்து பாடும். ஆனால் வாரம் ஒரு வியாதி. அந்த வியாதிகளைத் தீர்க்கக் கடலூர் முதல் மரக்காணம் வரை அவரை விட்டால் ஆளில்லை. அது என் தலையெழுத்து.

வேலை தெரிந்தவர், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ரேடியோ பிரிவில் இருந்து சைகோன் வரை போய் வந்தவர். டிரான்ஸ்ஃபார்மரை மோந்து பார்ப்பார். வால்வை நகத்தால் தட்டிக் காதருகே பிடித்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி நிற்பார். மைக்கைச் சோதிக்கும்போது நாமெல்லாம் சொல்கிற மாதிரி ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டார். பட்டாளத்துப் பழக்கம், "அன், தூ, த்ருவா" என்றுதான் எண்ணுவார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி நோய் அவருக்குத் தெரிந்திருக்கும். சரி செய்வதில் ஒரு தொல்லையும் கிடையாது. சரி செய்த பிறகுதான் வினை ஆரம்பம்.

மற்ற மெக்கானிக் என்றால் மேசையில் வைத்து ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுவான், நாம் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். இவர் மேசையில் பாடியதை நம்பவே மாட்டார்.

"மேச மேல எல்லாப் பொட்டியும் பாடும்பா. வூட்டுக்குள்ள எல்லாப் புள்ளயும்தான் சமத்து. நாலு பேரு நடுவுல வுட்டுப் பார்த்தாதான் தெரியும்" என்பார்.

அதனால் பழுது பார்த்த பெட்டியை யாராவது ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அனுப்பிவிடுவார். தம்முடைய குழாய் ஸ்பீக்கரையும் கூடவே கொடுப்பார். வாடகை கிடையாது. பெட்டி யாருடையது என்கிற கேள்வி அவர் மனதில் ஒருநாளும் எழுந்ததாகத் தெரியவில்லை.

முதல் தடவை நான் பெட்டியை வாங்கப் போனபோது, "வெளிய போயிருக்கு" என்றார். ஏதோ அது செருப்பை மாட்டிக்கொண்டு தானே கிளம்பிப் போனது மாதிரி.

"வெளிய எங்க?"

"எழவு வூட்டுக்கு."

"என்னோட பொட்டி எதுக்குண்ணா எழவு வூட்டுக்குப் போவுது?"

"கொஞ்சம் சூடு ஏறுதுன்னு சந்தேகம். எழவு வூட்டுல எடுக்குற வரைக்கும் நிறுத்த மாட்டான். தாங்குச்சுன்னா தாங்கிச்சு" என்று சுருட்டைப் பற்ற வைத்தார்.

நோய்க்கு ஏற்றபடி இடம் பார்த்து அனுப்புவார், அதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அடியில் 'உம்' என்று இரைச்சல் வருகிற பெட்டி கோயிலுக்குப் போகும். அதாவது மாதா கோயிலுக்கு. பிரசங்கத்துக்கு நடுவில் சாமியார் மூச்சு வாங்குகிற நேரத்தில் அந்த இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடுமாம். குரல் உடைகிற பெட்டி தெருக்கூத்துக்கு. கட்டியங்காரன் போடுகிற கூச்சலுக்குத் தாங்கினால் எதற்கும் தாங்கும். உள்ளே எங்கேயோ ஈயம் விட்டுப்போய்த் தொட்டால் பாடி, விட்டால் நிற்கிற பெட்டி என்றால் தேர்தல் ஜீப். மேடு பள்ளத்தில் குலுங்கினால் ஒட்டு எங்கே விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். என் பெட்டி ஒன்று அப்படி ஒரே வாரத்தில் இரண்டு கட்சிக்கும் ஓட்டுக் கேட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டு, பிறகு துரோகி என்றார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பிழைப்பிலேயே கை வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு காதுகுத்துக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் ஆள் வந்து, "வேணாண்ணா, வேற எடத்துல சும்மாவே குடுக்கறாங்க" என்றான். யாரடா அந்தப் புண்ணியவான் என்று மறுநாள் போய்ப் பார்த்தால், பந்தலில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு என் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கிறது. என் பெட்டியே எனக்குப் போட்டி. அங்கிருந்து நேரே அவர் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"எனக்குச் சோறு போடுற பொட்டிண்ணா அது! நீங்க அத ஊருக்கெல்லாம் தானம் பண்ணிட்டா நான் எங்க போறது?"

அவர் நிதானமாக, "கரகரப்பு இருந்துச்சா, இல்லியா? அதச் சொல்லு" என்றார்.

"இல்ல."

"அப்ப எடுத்துக்கோ. இன்னாத்துக்குக் கத்தற?"

இந்த மனிதருக்கு என்ன? பிரெஞ்சுக்காரன் பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது. உலை கொதிக்குமா என்ற கவலை இருந்தால்தானே அடுத்தவன் உலையைப் பற்றி யோசிக்கத் தோன்றும். அவருடைய மனைவியிடம் போய் முறையிட்டேன். அந்த அம்மாள் என்னைவிட நொந்துபோயிருந்தார். "எங்க வூட்டு ரேடியோவயே யாரோ டீக்கடக்காரனுக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு தம்பி. நான் நியூஸ் கேக்கணும்னா அங்க போயி நிக்கணும்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ரோஷம் வந்து ஒருமுறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். சொன்ன நாளில் கொடுத்தான், சிரித்த முகமாகக் கொடுத்தான். அந்தப் பெட்டி ஒரு பொதுக்கூட்டத்தில், பேச வந்த பெரியவர் வணக்கம் சொல்லி முடித்ததும் புகைந்துவிட்டது. அவர் மைக்கில்லாமல் தொண்டை கிழியக் கத்தினார், கூட்டம் என்னைப் பார்த்துக் கத்தியது. மறுபடி ரேடியோக்காரரிடமே தூக்கிக்கொண்டு போனேன். அவர் கிண்டல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மூடியைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, யாரோ பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவர் கை பட்ட பெட்டி மட்டும் ஒருநாளும் சபையில் பாதியோடு நின்றதில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அத்தனையையும் சகித்துக்கொண்டேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சம்பந்தி வீட்டார் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னிடம், "மைக் செட்டுக்காரரு வூட்டுல பொண்ணு எடுக்கறோம். எங்க சனம் பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே பாட்டு கேக்கணும் மாப்ள" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அப்பா இல்லாத வீடு, நல்லது கெட்டது எல்லாம் என் தலையில். அந்த மனிதர் வாயால் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் என் தொழில். அதில் குறை வைத்தால் என் தங்கை காலத்துக்கும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்.

தை மாத முகூர்த்தம். மற்ற பெட்டிகள் எல்லாம் எப்போதோ வாடகைக்குப் பேசியாகிவிட்டன. இருப்பதிலேயே நல்ல பெட்டியைத் தங்கைக்கென்று எடுத்து வைத்திருந்தேன். கல்யாணம் நெருங்கும்போது பார்த்து அது கரகரக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் அவரிடம் கொண்டுபோனேன். மேசையில் வைக்கும்போதே சொன்னேன்.

"அண்ணா, இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு. இது மட்டும் எங்கயும் வெளிய போவக் கூடாது. ஒங்க கால்ல வேணும்னாலும் வுழுறேன்."

"சரிப்பா."

"சத்தியமா?"

"அட, சரின்றேன்ல" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் அவர் வீட்டுக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் பனி. அந்த அம்மாள் என்னைக் கண்டதுமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீராம்பட்டினத்துல ஒரு சடங்கு வூட்டுக்கு நேத்து போச்சு தம்பி. வாங்கியாறேன்னு இவரு விடியறதுக்கு முன்னாடியே சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு, இன்னும் காணம். நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கல்யாணத்துல பாதியில நின்னுட்டா அந்தப் பையன் மானம் போயிடும், அதான் ஒரு தடவ பார்த்துடறேன்றாரு."

எப்படி இருக்கிறது நியாயம்! என் மானத்தைக் காப்பாற்றத்தான் என் பெட்டியை ஊர்கோலம் அனுப்பியிருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. அரியாங்குப்பம் பாலத்தில் எதிரில் வந்த மாட்டுவண்டி கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வீராம்பட்டினத்துக்குள் நுழைந்தபோது கடல் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. "அன், தூ, த்ருவா" என்று ஒரு குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது. என் பெட்டியின் குரல் எனக்குத் தெரியாதா? அந்தத் திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கரையில் ஊரே நின்றது. மீன்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் ஆம்ப்ளிஃபயர். கடைசி வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். குழாயை ஒரு மூங்கிலில் கட்டிக் கடலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மண்டியிட்டு, பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார்.

"இருட்டுல போன மரம் தம்பி. மூணு கட்டுமரம். விடியக்காலைல பனி எறங்கிடுச்சு. கரை எந்தப் பக்கம்னு அவனுங்களுக்குத் தெரியாது. தப்பாத் துடுப்பு போட்டா உள்ள போயிக்கினே இருப்பானுங்க. வைக்கலக் கொளுத்திப் பார்த்தோம், பொகையும் பனியும் ஒண்ணாப் போச்சு. அப்பறம்தான் சடங்கு வூட்டுல இந்தப் பொட்டி இருக்கிறது நெனப்பு வந்துச்சு."

ரேடியோக்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "வந்துட்டியா? ஒனக்கு நேரமாவுமே. எடுத்துக்கோ" என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல். அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூடையிலிருந்து பெட்டியைத் தூக்குகிறவன் மனிதனாக இருக்க முடியுமா? "இருக்கட்டும்" என்றேன். அதை எவ்வளவு கடுப்போடு சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முதலில் பாட்டுத்தட்டு போட்டிருக்கிறார்கள். அவர் அதை நிறுத்திவிட்டாராம். பாட்டு என்றால் எந்த ஊர்ப் பாட்டோ என்று நினைத்துக்கொள்வார்கள், ஆள் குரல்தான் வேண்டும் என்று மைக்கை ஒவ்வொரு வீட்டாரிடமும் கொடுத்துக் கூப்பிட வைத்தார். ஒரு கிழவர் மகனைக் கூப்பிட்டார், ஒரு பெண் அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டு மரங்கள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. மூன்றாவது வரவில்லை. அந்த மரத்துக்காரனின் மனைவி சின்னப் பெண், மைக்கை ஒரு பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க... இங்க வாங்க... நான்தான்..." என்றாள்.

"பேரச் சொல்லும்மா. கடல்ல இருக்கிறவன் யாரு 'இந்தாங்க'ன்னா திரும்புவான்?" என்றார் இவர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்? அதுவும் ஊர் கேட்க, மைக்கில், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது. இவருக்கு அதெல்லாம் ஏறவே இல்லை. "மைக்க வாய்க்கு நேரா வெச்சுக்கோ, ரொம்பக் கிட்டப் போவாத" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்கூட இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள். கடைசியில் மாமியார்தான் முன்னால் வந்தாள்.

"சொல்லுடி. நான் காத மூடிக்கறேன்" என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஆறுமுகம்" என்றாள் அந்தப் பெண். ரகசியம் சொல்வது போல் ஆரம்பித்தது. பிறகு, "ஏ ஆறுமுகம்! ஆறுமுகம்!" என்று குரல் ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை சொன்ன பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கூப்பிட்டாள், அழுதாள், திட்டினாள், போகாதேன்னு சொன்னேனே என்றாள், மறுபடி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பெட்டி அத்தனையையும் கடலுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. வயர் ஈரத்தில் படாமல் நான் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் என்று ஒன்று இருப்பதே எனக்குச் சற்று நேரம் மறந்துபோயிற்று.

முதலில் துடுப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு பனிக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. ஆறுமுகம் மரத்தைக் கரையேற்றுவதற்கு முன்பே ஆட்கள் இடுப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் வெட்கமில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஊரே அவனைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவர் இவர்.

"எவ்ளோ தூரத்துல கேட்டுச்சு?"

குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஆறுமுகம் ஒன்றும் புரியாமல் விழித்தான். "கேட்டுச்சுண்ணா... நல்ல தூரத்துல."

"இன்னான்னு கேட்டுச்சு? பேரு தெளிவா கேட்டுச்சா?"

"பேரெல்லாம் புரியலண்ணா. கொழகொழன்னு ஒரு சத்தம். ஆனா இவ கொரலுன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் அழுத முகத்தோடு மாமியாரைப் பார்த்து, "அவருக்குக் கேக்கலியாம் அத்த" என்றாள். மாமியார், "நல்ல வேள" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கரை முழுக்கச் சிரித்தது. ஒரே ஒருவர் முகம் மட்டும் விழுந்துபோயிருந்தது.

நான் போய்ப் பெட்டியின்மேல் கை வைத்தேன். "அண்ணா, ஆளுங்க எல்லாம் வந்தாச்சு. குடுங்க, இப்ப மிதிச்சாக்கூட முகூர்த்தத்துக்குப் போயிடுவேன்."

"இதயா? பேரு புரியலன்றான், கேட்ட இல்ல? மேல் சத்தம் அடச்சிருக்கு. இத வெச்சிக்கிட்டுக் கல்யாணம் பண்ணுவியா? ஐயர் சொல்ற மந்திரம் ஒரு வார்த்த புரியாது."

"மந்திரம் என்னிக்குண்ணா யாருக்குப் புரிஞ்சுது!" என்று கத்தினேன்.

காதிலேயே வாங்கவில்லை. வயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கித் தம்முடைய சைக்கிள் கேரியரில் வைத்தார். அன்றைக்கு என் தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது மேளம் இருந்தது, நாயனம் இருந்தது, ஒரு பாட்டுகூட இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய சம்பந்தி வீட்டார் வழி தெரியாமல் வேறு தெருவுக்குப் போய்விட்டு வந்தார்கள். மைக் செட்டுக்காரன் வீட்டு ஊமைக் கல்யாணம் என்று மாப்பிள்ளையின் அப்பா பேரன் பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். என் தங்கை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் அந்தக் கடற்கரைக் கோபம் எனக்குப் புதிதாக ஏறும்.

ஏனென்றால் நான் அன்று பெட்டியைப் பிடுங்கியிருக்கலாம். அவர் ஒல்லி, வயதானவர், நான் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். ஆனால் ஆறுமுகமும் அவன் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் எப்படிப் பிடுங்குவது? இவர் பழைய சைக்கிள் டியூபால் பெட்டியைக் கேரியரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கெழம வா. சரி பண்ணி வெக்கறேன்."

"இன்னிக்குத்தான்யா கல்யாணம்!"

"அது நடக்கும். நீ போ."

மிதிக்கப் பார்த்தார். பெட்டியின் கனத்துக்குப் பின்சக்கரம் ஈர மணலில் புதைந்துகொண்டது. ஆளும் சைக்கிளும் என் ஆம்ப்ளிஃபயரும் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினார்கள். நான் என் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவருடைய பட்டாளத்தை, பென்ஷனை, பரம்பரையை எல்லாம் வாய் நிறையத் திட்டிக்கொண்டே, தார் ரோடு வரும் வரைக்கும் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்.